பொட்டலத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள்!

கறி ஒத்துக்கொள்ளாத குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்



ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பா அறுவடை முடிந்தது. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. இரவு எட்டு மணிக்குப் பந்தி. கணவர் வயிறாரக் கறிச்சோறு சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, பத்து மணிக்குப் படுத்தார். அப்போது ஒன்றும் இல்லை. நடுநிசி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தாங்க முடியாத அரிப்பு. முதுகு முழுக்கத் தடிப்புத் தடிப்பாக வீக்கம். வயிற்றை முறுக்கி வாந்தியும் போயிற்று.

"என்னங்க, வர்ற வழியில ஏதாச்சும் பூச்சி பொட்டு கடிச்சிருக்குமா?" என்று மனைவி பதறினார். "இருட்டுல புளியமரத்தடியில வந்திருப்பான். காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று வீட்டுப் பெரியவர் வேப்பிலை கொண்டு வந்தார். விடியும்போது தணிந்துவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து ஆட்டுக்கால் பாயா சாப்பிட்ட இரவு மறுபடியும் அதே தொல்லை. "சரி, கறியே வேண்டாம்" என்று நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது முறை வந்தபோதுதான் வீடே திகைத்தது. அன்றைக்குக் கறி சமைக்கவே இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனர் கொடுத்த மிட்டாய்ப் பையை மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து காலி செய்திருந்தார். அவ்வளவுதான்.

"கறியே சாப்பிடலியே, பிறகு ஏன் வந்தது?"

இந்தக் கேள்விக்கு விடை அந்த மிட்டாய்ப் பையின் பின்பக்கத்தில் இருந்தது. யாரும் படிக்கவில்லை. அதைப் படிப்பது எப்படி என்று சொல்லவே இந்தச் சிறு வெளியீடு.

கறி ஒவ்வாமை என்றால் என்ன?

ஆடு, மாடு, எருமை, பன்றி, முயல், மான் ஆகியவை குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பிராணிகள். இவற்றின் உடம்பில் ஒருவகைச் சர்க்கரை உண்டு. அதற்கு ஆல்ஃபா-கால் என்று பெயர். நாம் காபியில் போடுகிற சர்க்கரை அல்ல இது. இறைச்சியிலும், கொழுப்பிலும், எலும்பிலும், தோலிலும் ஒட்டியிருக்கும் ஒரு நுண்பொருள். மனிதர் உடம்பில் இது கிடையாது.

உண்ணி என்னும் பூச்சி ஆட்டையும் மாட்டையும் கடித்து இரத்தம் குடிப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிலவகை உண்ணிகள் மனிதரைக் கடிக்கும்போது அவற்றின் எச்சில் வழியாக இந்தச் சர்க்கரை நம் தோலுக்குள் இறங்கிவிடுகிறது. சிலருடைய உடம்பு இதைப் பகையாகக் கருதி, எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் அவர் கறி சாப்பிட்டால், அந்தக் கறியையே பகையென்று நினைத்து உடம்பு சண்டைக்குக் கிளம்புகிறது. அந்தச் சண்டைதான் அரிப்பும், தடிப்பும், வாந்தியும், மூச்சுத்திணறலும்.

மற்ற ஒவ்வாமைகளுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு இலையை விட்டு எழுவதற்குள்ளேயே அரிப்பு வந்துவிடும். கறி ஒவ்வாமையோ இரண்டு மணி முதல் ஆறு மணி நேரம் வரை தாமதித்து வரும். கறியிலுள்ள கொழுப்பு மெதுவாகச் செரித்து இரத்தத்தில் கலக்க அவ்வளவு நேரம் ஆவதே காரணம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இராத்திரி சாப்பிட்டதற்கு நடுநிசியில் தண்டனை. அதனால்தான் பூச்சிக்கடி என்றும், காற்றுச் சேஷ்டை என்றும், சூட்டு உடம்பு என்றும் சொல்லிக் காலம் போய்விடுகிறது.

இது எப்படித் தெரிய வந்தது?

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர் ஷெரில் வான் நூனன், உண்ணி கடித்தவர்களுக்குக் கறி ஒவ்வாமல் போவதை 2007-ஆம் ஆண்டிலேயே எடுத்துச் சொன்னார். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மருத்துவர் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். புற்றுநோய்க்கான ஓர் ஊசி மருந்து சிலருக்கு மட்டும் ஆபத்தாக முடிவது ஏன் என்று ஆராய்ந்தபோது, காரணம் இந்த ஆல்ஃபா-கால்தான் என்று 2008-ல் கண்டார்கள். கறி சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வரும் ஒவ்வாமைக்கும் அதுவே காரணம் என்று 2009-ல் வெளியிட்டார்கள்.

அமெரிக்காவில் 2010 முதல் 2022 வரை 1,10,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்த ஒவ்வாமை இருக்கலாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2023-ல் அறிவித்தது. நமக்குப் பக்கத்து இலங்கையிலும் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்து மருத்துவர்கள் மாட்டிறைச்சி ஒவ்வாமை உள்ளவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதைப்பற்றிய பேச்சே குறைவு.

ஒரு துயரச் சம்பவத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் 2024-ல் மாட்டுக்கறி சாப்பிட்ட இரவு கடுமையான வயிற்று வலியும் வாந்தியும் வந்து அவதிப்பட்டார். விடிந்ததும் சரியாகிவிட்டதால் விட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் மாட்டுக்கறி சாப்பிட்ட சில மணி நேரத்தில் இறந்துபோனார். அவருடைய இரத்தத்தைச் சோதித்த மருத்துவர்கள், காரணம் கறி ஒவ்வாமையே என்று 2025-ல் தெரிவித்தார்கள். முதல் இரவு கொடுத்த எச்சரிக்கையின் பொருளை எடுத்துச் சொல்ல அவருக்கு யாரும் இல்லை.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. இது எல்லோருக்கும் வருகிற நோய் இல்லை. உண்ணி கடித்தவர் எல்லோருக்கும் வருவதும் இல்லை. கறி சாப்பிட்டு இத்தனை நாளும் ஒன்றும் ஆகாதவர்கள் கறியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மேலே சொன்ன குறிகள் யாருக்காவது வந்தால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எப்படிக் கண்டுகொள்வது?

கறி சாப்பிட்ட இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் கீழ்க்கண்டவை வருகின்றனவா என்று கவனியுங்கள்.

1. உடம்பெல்லாம் அரிப்பு, தடிப்பு.
2. உதடு, கண் இமை, நாக்கு வீங்குதல்.
3. வயிற்று வலி, வாந்தி, பேதி. சிலருக்குத் தோலில் ஒன்றும் தெரியாமல் வயிற்றுத் தொல்லை மட்டுமே வரும்.
4. மூச்சு இழுப்பு, தொண்டை அடைப்பு.
5. தலைசுற்றல், மயக்கம்.

ஒவ்வொரு தடவையும் வந்தே தீரும் என்பதும் இல்லை. கொழுப்பில்லாத கறி நாலு துண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவருக்கு, குடலும் ஈரலும் கொழுப்புமாகச் சாப்பிட்ட அன்று வந்துவிடலாம். கறியோடு மது அருந்தினாலும், சாப்பிட்டுவிட்டுக் கடும் வேலை செய்தாலும், சிலவகை வலி மாத்திரைகள் போட்டாலும் தொல்லை கூடும்.

சந்தேகம் வந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்குத் தொல்லை வந்தது. இந்த மூன்றும் போதும். அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பாருங்கள். இதைக் கண்டறிய இரத்தச் சோதனை உண்டு. எங்கே செய்துகொள்ள வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார். "கொஞ்சம் சாப்பிட்டுப் பார்ப்போமே" என்று வீட்டில் நீங்களே பரீட்சை செய்து பார்க்கக் கூடாது.

மூச்சுத் திணறினாலோ, மயக்கம் வந்தாலோ, தோல் தடிப்போடு வாந்தியும் சேர்ந்து வந்தாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நோயாளியைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்கார வையுங்கள். கர்ப்பிணியானால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். வாய்வழியே கஷாயமோ சோடாவோ கொடுக்காதீர்கள். இதற்கு உயிர் காக்கும் மருந்து, தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அரிப்பு மாத்திரை மட்டும் அந்த நேரத்துக்குப் போதாது.

எது ஆகும்? எது ஆகாது?

ஆகாதவை: ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, எருமைக்கறி, பன்றிக்கறி, முயல்கறி ஆகியவை. தலைக்கறி, குடல், ஈரல், சுவரொட்டி, எலும்பு சூப்பு, கொழுப்பு எல்லாம் இதில் சேர்த்தி.

ஆகக்கூடியவை: கோழி, வாத்து, காடை, எல்லா முட்டையும், ஆற்று மீன், கடல் மீன், கருவாடு, இறால், நண்டு. இவற்றில் அந்தச் சர்க்கரை கிடையாது. ஆகவே சத்துக்குப் பஞ்சமில்லை. கர்ப்பமான பெண்ணுக்குக் கறி ஒத்துக்கொள்ளாவிட்டால் மீனும், முட்டையும், பருப்பும், கீரையும் கொண்டே குறையில்லாமல் ஈடுகட்டலாம்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரிகிற கறி. இனி, கண்ணுக்குத் தெரியாத கறிக்கு வருவோம்.

பொட்டலம் வாங்கும்போது மூன்று கேள்விகள்

இப்போது கிராமத்துப் பெட்டிக்கடையிலும் பொட்டலத் தின்பண்டங்கள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. பொட்டலத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கூப்பிட்டு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் நல்ல பழக்கம்.

முதல் கேள்வி: என்ன குறி இருக்கிறது?

பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். 2020-ஆம் ஆண்டு விதிகள் வருவதற்கு முன் அசைவத்துக்கும் வட்டம்தான் இருந்தது. நிறம் சரியாகத் தெரியாதவர்கள் ஏமாறக்கூடாது என்பதால் முக்கோணம் ஆக்கினார்கள்.

பச்சைக் குறி இருந்தால் அதில் கறி, கொழுப்பு, எலும்புச் சாரம் எதுவும் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே கறி ஒவ்வாதவருக்குப் பச்சைக் குறிதான் முதல் துணை. ஆனால் பாலும், பாலில் செய்த பொருள்களும் நம் நாட்டில் சைவக் கணக்கு. பால் ஒவ்வாதவர்களுக்குப் பச்சைக் குறி மட்டும் போதாது. இதைப் பின்னால் விளக்குகிறேன்.

பழுப்புக் குறி இருந்தால் உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. முட்டை சேர்ந்த கேக்குக்கும் அதே குறி, மீன் ஊறுகாய்க்கும் அதே குறி, ஆட்டுக்கறிக்கும் அதே குறி. எந்தப் பிராணி என்று குறி சொல்லாது. அதற்குத்தான் இரண்டாவது கேள்வி.

குறியே இல்லையென்றால் கறி ஒவ்வாதவர் அதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: என்னென்ன சேர்த்திருக்கிறார்கள்?

பின்பக்கத்தில் "இன்கிரீடியன்ட்ஸ்" என்ற தலைப்பில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். கீழ்க்கண்ட பெயர்களைப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

ஜெலட்டின்: மாடு, பன்றி இவற்றின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. வாயில் போட்டால் இழுபடுகிற ஜெல்லி மிட்டாய், பஞ்சுபோல் அமுங்கும் மார்ஷ்மெல்லோ, சிலவகைப் புட்டிங் ஆகியவற்றில் இருக்கும். நம் கதையில் வந்த மிட்டாய்ப் பையில் இருந்தது இதுதான். மீனிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் உண்டு. மீன் என்று எழுதியிருந்தால் தவிர மற்றதை நம்ப வேண்டாம். கடற்பாசி என்று நாம் வாங்கும் அகர்-அகர் வேறு. அது கடலில் விளையும் பாசி. அதில் செய்த ஜெல்லியால் இந்தத் தொல்லை இல்லை.

லார்டு, டாலோ, அனிமல் ஃபேட்: லார்டு பன்றிக் கொழுப்பு. டாலோ மாட்டுக் கொழுப்பு அல்லது ஆட்டுக் கொழுப்பு. அனிமல் ஃபேட் என்றால் ஏதோ ஒரு பிராணியின் கொழுப்பு. நம் நாட்டு விதிப்படி பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் வெறும் கொழுப்பு என்று எழுதி மறைக்கக் கூடாது. பெயர் சொல்லியே எழுத வேண்டும். 1983-ல் வனஸ்பதியில் இறக்குமதி மாட்டுக் கொழுப்பு கலந்ததாக நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சேர்மானத்தை மறைத்தால் சாப்பிடுகிறவருக்கு என்ன கதி என்பதற்கு அது ஒரு பாடம்.

பீஃப், மட்டன், போர்க், எக்ஸ்ட்ராக்ட், ஸ்டாக், பிராத்: கறியின் சாரம், எலும்புச் சாறு. சூப்புத்தூள், சூப்புக்கட்டி, நூடுல்ஸோடு வரும் சிறு பை ஆகியவற்றில் பார்க்கவும்.

கேஸிங்: கோழிக்கறி சாசேஜ் என்று எழுதியிருந்தாலும் வெளியுறை ஆட்டுக்குடலிலோ பன்றிக்குடலிலோ செய்ததாக இருக்கலாம்.

எண்கள்: சில பொருள்களுக்குப் பெயருக்குப் பதில் எண் போடுவார்கள். வெளிநாட்டுப் பொட்டலத்தில் 441 என்றால் ஜெலட்டின். 542 என்றால் எலும்பிலிருந்து எடுத்த பாஸ்பேட். 471 என்பது கொழுப்பிலிருந்து செய்வது. அது தாவரக் கொழுப்பாகவும் இருக்கும், பிராணிக் கொழுப்பாகவும் இருக்கும். பச்சைக் குறி இருந்தால் தாவரம் என்று கொள்ளலாம். வெறும் எண்ணைப் போட்டால் மட்டும் போதாது, தாவரத்திலிருந்து வந்ததா பிராணியிலிருந்து வந்ததா என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட்டது.

பெயரைப் பார்த்தும் மிரளக் கூடாது. "மட்டன் மசாலா" என்று கடையில் விற்கும் பொடியில் பெரும்பாலும் மல்லியும் மிளகாயும் பட்டை கிராம்பும்தான் இருக்கும். பச்சைக் குறி இருந்தால் அதைக் காளானுக்கும் உருளைக்கிழங்குக்கும் தாராளமாகப் போடலாம்.

மூன்றாவது கேள்வி: ஒவ்வாமை எச்சரிக்கை என்ன சொல்கிறது?

பட்டியலுக்குக் கீழே "கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கி ஒரு வரி இருக்கும். கோதுமை போன்ற தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை முதலிய கொட்டைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை இருந்தால் அங்கே சொல்ல வேண்டும் என்பது விதி. கவனியுங்கள், இந்த வரிசையில் பால் இருக்கிறது. ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் ஜெலட்டினும் இல்லை. "அலர்ஜி வரியில ஒண்ணும் போடலியே" என்று சாப்பிட்டுவிடாதீர்கள். கறி ஒவ்வாதவர் முழுப் பட்டியலையும் படித்தாக வேண்டும்.

போன மாதம் படித்தோமே என்றும் இருந்துவிடக் கூடாது. கம்பெனிக்காரர் சேர்மானத்தை மாற்றலாம். வாங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு பார்வை பாருங்கள். குறி போடாமலோ சேர்மானம் எழுதாமலோ பொட்டலம் விற்றால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டுப் பெட்டி

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்தில் வளைகுடாவிலோ, சிங்கப்பூரிலோ, மலேசியாவிலோ ஒருவராவது வேலை செய்யாத தெரு அபூர்வம். அவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டி நிறையத் தின்பண்டம் கொண்டு வருவார்கள். ஆசையோடு கொண்டு வந்ததுதான். ஆனால் அந்தப் பொட்டலங்களில் நம் பச்சைக் குறி இருக்காது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று பொருள். மாடும் ஆடும் இல்லை என்று பொருள் அல்ல. பட்டியல் ஏதோ தெரியாத மொழியில் இருந்தால் கறி ஒவ்வாதவர் சாப்பிட வேண்டாம். பாசத்துக்குக் குறைவு வந்துவிடாது. "மச்சான், அடுத்த தடவை ஈச்சம்பழமும் பாதாமும் கொண்டு வாங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

பொட்டலமில்லாத உணவு

பரோட்டாக் கடையில் "வெறும் சால்னா ஊத்துங்க, கறி வேணாம்" என்றால் போதாது. அந்தச் சால்னா எலும்பு போட்டுக் கொதித்ததாக இருக்கலாம். குஸ்காவிலும் கறித்துண்டு இருக்காது. ஆனால் மட்டன் பிரியாணி அண்டாவிலிருந்து அள்ளிய சோறாக இருந்தால் கறியின் சாறும் கொழுப்பும் அதில் இறங்கியிருக்கும். நோன்புக் கஞ்சியை நம் ஊர்களில் எல்லோருக்கும் அன்போடு கொடுப்பார்கள். கறி சேர்த்துக் காய்ச்சுவதும் உண்டு, சேர்க்காமல் காய்ச்சுவதும் உண்டு. கேட்டு வாங்குங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். விருந்து வீட்டில் கறிக்கும் கோழிக்கும் ஒரே கரண்டியைப் போட்டால் கோழியும் ஆகாது.

பாலை நிறுத்த வேண்டுமா?

கறி ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்குப் பாலும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். சிலருக்கு மட்டும் பாலும், குறிப்பாகக் கொழுப்புள்ள ஐஸ்கிரீம், பாலாடை, பாலாடைக்கட்டி போன்றவையும் தொல்லை கொடுக்கும். ஆகவே நீங்களாக முடிவெடுத்துக் கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் பாலை நிறுத்திவிடக் கூடாது. கறியை அறவே நிறுத்திய பிறகும் குறிகள் வந்துகொண்டிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். அவர் பாலையும் நிறுத்தச் சொன்னால், பொட்டலத்தில் மில்க் சாலிட்ஸ், வே, கேசின், பட்டர், கிரீம், கீ (நெய்) ஆகிய பெயர்களையும் பார்க்க வேண்டிவரும். பால் உள்பட எந்தப் பிராணிப் பொருளும் சேராத உணவுக்கென்று 2022-ல் தனி விதி வந்திருக்கிறது. வீகன் என்று அதற்குப் பெயர். அதன் குறியும் பச்சைதான்.

தாய்ப்பால் பற்றி வீண் சந்தேகம் வேண்டாம். மனித உடம்பில் அந்தச் சர்க்கரை இல்லை. தாய்க்குக் கறி ஒவ்வாமை இருந்தாலும் குழந்தைக்குத் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டியது

கறி ஒவ்வாமை சமையலறையோடு நின்றுவிடுவதில்லை. ஆகவே மருத்துவரிடமும், செவிலியரிடமும், மருந்துக் கடையிலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள்.

கேப்ஸ்யூல் மருந்துகளின் கூடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அதற்குப் பதிலாக மாத்திரையோ திரவ மருந்தோ கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தக் கூடாது.

குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைக்கோ பிரசவத்துக்கோ போகும்போது சொல்லுங்கள். உள்தையலுக்குப் பயன்படும் கேட்கட் என்னும் நூல் ஆடு, மாடுகளின் குடலிலிருந்து செய்வது. முன்னரே தெரிந்தால் வேறு நூலைப் பயன்படுத்துவார்கள். இதற்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சில தடுப்பூசிகளிலும் ஜெலட்டின் உண்டு. கறி ஒவ்வாத குழந்தைக்கு ஊசி போடுமுன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். மருத்துவர் பார்வையில் எப்படிப் போடுவது என்று அவர்கள் ஏற்பாடு செய்வார்கள். தடுப்பூசியே வேண்டாம் என்று வீட்டில் இருந்துவிடுவது பெரிய தவறு.

பாம்புக்கடி நம் வயல்காட்டில் புதிதல்ல. விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து எடுப்பது. குதிரையும் பால் கொடுக்கும் பிராணிதான். "எனக்குக் கறி ஒத்துக்காது" என்பதை உடனே சொல்லுங்கள். ஒவ்வாமை வந்தால் சமாளிக்கும் மருந்தோடு அவர்கள் தயாராக இருப்பார்கள். ஆனால் ஊசி வேண்டாமென்று மறுக்காதீர்கள். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது அதுதான்.

உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொள்வது

ஒரு நல்ல செய்தி. மறுபடியும் உண்ணி கடிக்காமல் பார்த்துக்கொண்டால், சிலருக்குச் சில வருஷங்களில் இந்த ஒவ்வாமை தணிந்துவிடுகிறது. மறுபடி கடித்தால் மறுபடி கூடும்.

அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுவது நம் பக்கத்து வழக்கம். கிடையில் படுப்பவர்களும், மாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவர்களும், புல்லறுக்கப் போகிறவர்களும் வீட்டுக்கு வந்ததும் உடுப்பை மாற்றிக் குளிக்க வேண்டும். அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்கவும். முதுகைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது. கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும் பார்ப்பதே சுலபம்.

உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும், பீடியால் சுடுவதும், சுண்ணாம்பு தடவுவதும் கூடாது. சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெதுவாக இழுத்து எடுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவவும். ஆடு மாடுகளுக்கு உண்ணி மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடவும்.

உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது வேறு நோய். அது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியால் வருவது. காய்ச்சலோடு உடம்பில் கருகிய பொருக்குப் போன்ற புண் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

இருவரும் சேர்ந்து

கறி ஒத்துக்கொள்ளாதவர் கணவராக இருந்தால் மனைவி தனக்கென்று சமைத்துக் கொள்வதும், மனைவியாக இருந்தால் "இவளுக்கு மட்டும் ஒரு நோய்" என்று மாமியார் வீட்டில் குறை சொல்வதும் நடக்கிறது. இது யாருடைய குற்றமும் அல்ல. வாய் ருசியும் அல்ல, வீம்பும் அல்ல. உடம்பு செய்கிற காரியம். கடையில் வாங்குகிறவர் ஒருவர், சமைக்கிறவர் ஒருவர் என்று இருக்கும் வீட்டில் இருவருக்கும் பொட்டலம் பார்க்கத் தெரிய வேண்டும். ஒருவருக்குத் தெரிந்து ஒருவருக்குத் தெரியாவிட்டால் பாதுகாப்பு இல்லை.

"எனக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சியும் ஜெலட்டினும் ஒவ்வாது" என்று ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையிலும் சுருக்குப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத நேரத்தில் அந்தச் சீட்டு பேசும்.

நினைவில் கொள்க

பச்சைக் குறி: கறி இல்லை. பால் இருக்கலாம்.
பழுப்புக் குறி: எந்தப் பிராணி என்று பட்டியலைப் படி.
குறி இல்லை: வேண்டாம்.
நடுநிசி அரிப்பு மட்டும்: மாலையில் என்ன சாப்பிட்டோம் என்று யோசி. காலையில் மருத்துவரைப் பார்.
மூச்சுத்திணறல், மயக்கம், தடிப்போடு வாந்தி: காலைவரை காத்திராதே. 108.

இந்த வெளியீட்டைப் படித்து முடித்ததும் அடுப்படிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டில் யாருக்காவது இராத்திரி அரிப்பு என்று கேள்விப்பட்டால், வேப்பிலை தேடுவதற்கு முன் இதைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள்.